நேர்ந்துவிட்ட குதிரை

மச்சான்,

பக்கத்து வீட்டம்மாவுக்குச் சளி. காலையிலிருந்து கொள்ளு அவிக்கிறாள். அவளுக்கு அது மருந்து. எனக்கு அந்த வாசனை நம்முடைய பழைய குதிரைக் கொட்டடி. ஈப்போ ரயிலடிக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, உன் செவலையும் என் கருப்பனும் ஒரே தொட்டியில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு கொள்ளு தின்னும். நீயும் அதில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உப்புப் போட்டுத் தின்பாய். "மொதலாளி தின்ன மிச்சந்தான் நமக்கு" என்று செவலையைக் காட்டிச் சிரிப்பாய்.

நீ உயிரோடு இருந்தபோது இதையெல்லாம் உன்னிடம் முழுசாகப் பேச முடிந்ததில்லை. பாதியில் எழுந்து போய்விடுவாய். இப்போது நீ எழுந்து போக முடியாது. அது எனக்கு ஒரு வசதி.

நீ என் தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்பே நாம் கூட்டாளிகள். ரயிலை விட்டு இறங்கும் துரைமாரும் செட்டிமாரும் அப்போது நம் வண்டிகளில்தான் ஏறினார்கள். பிறகு வாடகை மோட்டார்கள் வந்து வரிசையில் நின்றன. "அதுக்குச் சாணி போடத் தெரியுமாலா?" என்று நீ கேலி பண்ணினாய். சவாரியெல்லாம் அந்தப் பக்கம் போன பிறகு உன் கேலியும் நின்றது. இரண்டு குதிரைக்கும் பல் தேய்ந்துவிட்டது, முட்டி வீங்கிவிட்டது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குதிரைக்கு அப்படி யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

வாங்குவதற்கு ஒரே ஒரு ஆள் இருந்தார். லகாட்டில் ஈயச் சுரங்க ஆட்களுக்கு இறைச்சிக்கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம். அவர் கொட்டடிக்கு வந்து குதிரை வாயைத் திறந்து பார்த்ததுமே உனக்கு முகம் கறுத்துவிட்டது.

"ரெண்டு குடும்பத்துக்குச் சோறு போட்ட உசுருடா. ஐயனாரு வாகனம். அத அறுக்கக் குடுப்பியா?"

"ஐயனாரு வந்து புல்லு போடுவாராலா?" என்றேன்.

நான் கருப்பனைக் கொடுத்தேன். கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறவன் இல்லை நான். லகாட் வரைக்கும் கூடவே நடந்தேன். தவுக்கே அதற்கு ஒரு வாளித் தவிடு வைத்தார். அது தின்றுகொண்டிருக்கும்போதே கண்ணுக்குத் துணி கட்டினார். "செக்கேஜாப் சாஜா" என்றார். ஒரு நொடிதான் என்று அர்த்தம். சம்மட்டியால் நெற்றியில் ஒரே அடி. கருப்பன் வாயில் தவிடோடு விழுந்தான். நான் குறுகுறுவென்று பார்த்துக்கொண்டே நின்றேன்.  அந்தச் சாவில் பொய் எதுவும் இல்லை.

அவர் இலையில் மடித்துக் கொடுத்த துண்டை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன்னோடு வந்திருந்த தங்கச்சி அதை அடுப்பில் வைத்துவிட்டு, என்ன கறி என்று கேட்டாள். சொன்னேன். நீ அடுப்பிலிருந்த சட்டியைக் காலால் எத்தினாய். "கொலகாரப் பயலே, இனி எம் மூஞ்சியில முழிக்காத" என்றாய். நீ போன பிறகு தரையில் கிடந்ததைக் கழுவிச் சமைத்துத் தின்றேன். நார்நாராக இருந்தது, கொஞ்சம் தித்திப்பு. மென்றுகொண்டே அழுதேன். கருப்பன் கடைசியாகப் போட்ட சோற்றை நாய்க்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

நீ செவலையை ஐயனாருக்கு நேர்ந்துவிட்டாய். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால், உன் அப்பா பால்மரம் வெட்டிய தோட்டத்துக் கோயிலில். மஞ்சள் தண்ணீர், மாலை, உறுமி மேளம். லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க அதன் காலில் விழுந்தது. நீ தேம்பித் தேம்பி அழுதாய். அது சந்தோஷ அழுகை. நீ கூப்பிடாமலே வந்து, தள்ளி நின்று பார்த்தேன். இனி அதன்மேல் பாரம் ஏற்றக்கூடாது, அடிக்கக்கூடாது, விற்கக்கூடாது, கொல்லக்கூடாது. சாமி சொத்து.

கடலுக்கு அந்தப் பக்கம் நம் ஊரில் நேர்ந்துவிட்ட கோயில்மாடு ஊர்க் கொல்லையிலெல்லாம் மேய்ந்து கொழுக்கும். அந்த நினைப்பில்தான் நீ செய்தாய். இது ரப்பர் தோட்டம் என்பதை மறந்துவிட்டாய். மரத்தடியில் புல் முளைத்தால் துரைக்கு ஆகாது. பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து வேரோடு கொத்தி எடுத்து, தரையைக் களத்துமேடு மாதிரி வைத்திருப்பார்கள். அந்த மொட்டைத் தரையில் சாமியின் குதிரை எதை மேயும்? விழுந்த சருகைத் தின்றது. மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணங்களை முகர்ந்து பாலைத் தட்டிவிட்டது. பால் கொட்டினால் கூலி போகும். காலில் விழுந்த அதே சனந்தான் அதற்கும் வழி கண்டுபிடித்தது. அடிக்கக் கூடாது என்றுதானே நேர்ந்தது? வெந்நீர் ஊற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. முதுகுத்தோல் பட்டை பட்டையாக உரிந்தது. குளம்பு வளர்ந்து வெடித்தது. சாமி காலைத் தொட்டு வெட்ட எவனுக்குத் துணிச்சல்? வெள்ளிக்கிழமை மட்டும் தவறாமல் மாலை போட்டார்கள். பசியில் செவலை அந்த மாலையையும் தின்றது.

இதெல்லாம் உனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை ஒரு மூட்டைப் புல்லோடு போய் வந்தாய். வீட்டில் தங்கச்சி கேட்டால் "நல்லாருக்கு, ராசா மாதிரி இருக்கு" என்பாய். அந்தப் பொய்க்காகத்தான் மச்சான் எனக்கு உன்மேல் இன்னும் ஆத்திரம்.

கடைசியில் செவலை லோங்காங் கால்வாயில் விழுந்து பின்னங்கால் முறிந்து கிடந்தது. சனம் சுற்றி நின்று கற்பூரம் காட்டியது. "சாமியாப் பாத்து எடுத்துக்கும்" என்றார் பூசாரி. சாமிக்கு அவசரமில்லை. காக்காய்களுக்குத்தான் அவசரம். அவை கண்ணிலிருந்து ஆரம்பித்தன.

அன்றைக்குத்தான் நீ என் வாசலுக்கு வந்தாய். சட்டியை எத்திய பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

"மச்சான், அந்தத் தவுக்கேயக் கூட்டிட்டு வாலா. என்னால பாக்க முடியல."

"கொலகாரன்கிட்டயா வந்து கேக்குற?" என்றேன். நான் அப்படிக் கேட்டது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.  ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தவுக்கே வந்தார். இந்த இறைச்சி எதற்கும் ஆகாது என்று பார்த்ததும் சொல்லிவிட்டார், ஆனாலும் திரும்பிப் போகவில்லை. பூசாரி குறுக்கே விழுந்தார். "நேந்தவன் கையாலதான் எடுக்கணும். வேத்தாள் தொட்டா தோட்டமே அழிஞ்சு போவும்." கூட்டமும் ஆமாம் போட்டது. சம்மட்டி உன் கைக்கு வந்தது. ஆயுள் முழுக்கக் குதிரையைச் சாட்டையால்கூட ஓங்கி அடிக்காதவன் நீ. முதல் அடி தாடையில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். செவலை போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை, உனக்கே தெரியும். நீ மூன்றாவது தடவை ஓங்கும்போது தவுக்கே உன் கையிலிருந்து பிடுங்கி ஒரே அடியில் முடித்தார். தோட்டம் அழியவில்லை. மறுநாள் பால் வழக்கம்போல இறங்கியது.

திரும்பும் வழியில் நீ கேட்டாய்: "உங் கருப்பன் எப்படிப் போனான்?"

"தவிடு தின்னுக்கிட்டே போனான்."

அதற்குப் பிறகு நாம் குதிரையைப் பற்றிப் பேசவே இல்லை.

உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்து, வீட்டுக்கே கொண்டுபோகும்படி டாக்டர் சொல்லிவிட்ட பிறகு, தங்கச்சி உன் தலைமாட்டில் உட்கார்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். "உசுர மட்டும் குடு, எப்படியாச்சும் கெடக்கட்டும்" என்று ஐயனாரிடம் கெஞ்சினாள். நீ என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாய். குரலே இல்லை. "மச்சான், என்ன நேந்து விட்டுறாதீங்கடா" என்றாய்.

தங்கச்சிக்குப் புரியவில்லை. ஜன்னி என்று நினைத்துக்கொண்டு முடிச்சை உன் மணிக்கட்டில் கட்டினாள். எனக்குப் புரிந்தது. ஆனால் மனிதனுக்கு லகாட்டில் ஆள் கிடையாது மச்சான். மழைக்காலம் முழுக்க நீ கிடந்தாய். வந்தவர்கள் உன் நெற்றியில் திருநீறு பூசி, "நல்ல மனுசன், சாமி கைவிடாது" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் வாயில் ஈ மொய்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் வலது கை தானாக விசிறுகிறது. யாராவது பார்த்தால் கொசு என்கிறேன்.