மெதுவாப் போங்கண்ணே

பிப். 3, திங்கள்

காலையில் மலையெல்லாம் உறைபனி. ஆம்புலன்ஸ் கண்ணாடியைத் துடைக்கவே பத்து நிமிடம். ஆக்சிஜன் இரண்டு, சரி. கையுறை தீரப் போகிறது, கேட்க வேண்டும்.

மதுரையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மேடம். இரண்டு வருடம் முன்பு கொடுத்த அதே படிவம். "நெருக்கடியில் நான் நிதானம் இழப்பதில்லை." எப்போதும் / சில நேரம் / இல்லை.

"இந்த மாதிரி வேலைல மன உறுதி வருஷக்கணக்கா அப்படியே நிக்குதா, கொறையுதான்னு பாக்குறோம் சிஸ்டர். பேர் வேணாம். வண்டி நம்பர் மட்டும் போடுங்க."

வண்டியில் இருப்பதே நானும் டிரைவர் முருகேசன் அண்ணனும்தான். நம்பர் போட்டால் பேர் எதற்கு? சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வாராம்.

ஏன் இப்போது? போன வாரம் பெரும்பாறையில் நடந்தது யாருக்காவது தெரிந்துவிட்டதா?

பிப். 4

கேஸ் இரண்டு. வடகவுஞ்சி, பிரசவ வலி. பழனி போய்ச் சேர்ந்ததும் பெண் குழந்தை. அப்புறம் ஏரிக்கரையில் சைக்கிளிலிருந்து விழுந்த டூரிஸ்ட். கட்டுப் போடும்போதும் செல்ஃபி.

எழுதிவிடுகிறேன். எங்கள் வண்டியில் ஒரு வழக்கம். நோயாளிக்கு வழியிலேயே உயிர் போய்விட்டால் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கூடவே வீட்டு ஆட்கள் இருப்பார்கள். "மெதுவாப் போங்கண்ணே" என்பேன். அண்ணன் சைரனை அணைத்துவிட்டு வேகத்தைக் குறைப்பார். ஆறு வருடமாக அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. வளைவில் எவ்வளவு தூக்கிப் போட்டாலும் உயிரோடு இருக்கும் ஆளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல மாட்டேன்.

போன வாரம் சொன்னேன். பெரும்பாறையில் மிளகு பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்தவர், செல்லையா. வளைவில் டிரிப் ஊசி கழன்றுவிட்டது. கை நடுக்கத்தில் மறுபடி குத்த முடியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த அவர் மனைவிக்குப் புரிந்திருக்காது. அண்ணனுக்குப் புரியும்.

அதற்குப் பிறகு சைரன் கேட்டதா? ஞாபகமே இல்லை. செல்லையா இன்னும் ஐசியூவில். என்னால்தான் தாமதமா?

பிப். 6

வெயில். தொண்டை கரகரப்பு.

டிரைவர் தலைக்கு மேலிருக்கும் உள் கண்ணாடி பின்பக்கம் திரும்பியிருக்கிறது. அதில் ரோடு தெரியாது, நான்தான் தெரிவேன். எத்தனை நாளாக இப்படி? நேராக்கி வைத்தேன். மத்தியானம் பார்த்தால் மறுபடி திரும்பியிருந்தது.

டீக்கடையில் அண்ணன் போனில்: "முன்ன மாதிரி இல்ல சார்." என்னைப் பார்த்ததும், "கிளட்ச்சு தாயி." கிளட்ச் போன மாதம்தான் மாற்றினோம். யாரைப் பார்த்துக் கதை விடுகிறார்?

படிவத்தை நிரப்பிவிட்டேன். பழைய படிவத்தின் போட்டோ போனில் இருக்கிறது. அதைப் பார்த்தே வரிக்கு வரி. எல்லாம் "எப்போதும்". எவனும் என்னைத் தொட முடியாது.

பிப். 7

பொறுக்க முடியவில்லை. வண்டி கழுவும்போது கேட்டுவிட்டேன். "அன்னைக்கு மெதுவாப் போகச் சொன்னேனே, எவ்வளவு நேரம் மெதுவாப் போனீங்க?"

"நான் எங்க மெதுவாப் போனேன்? கண்ணாடில பாத்தேன். அந்தாளு கால்வெரலு அசஞ்சுச்சு. இன்னும் வெரசாத்தான் மிதிச்சேன்."

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். செல்லையாவை நான் எதுவும் செய்துவிடவில்லை. அழுது முடித்தபின்தான் உறைத்தது.

"எப்பருந்துண்ணே கண்ணாடில பாக்குறீங்க?"

"தீவாளிக்கு முந்தியே. அதுக்கு முன்னல்லாம் நீ சொன்ன ஒடனே கால எடுத்துருவேன். இப்ப ஒருவாட்டி பாத்துட்டுத்தான்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா கை இன்னுந்தான் நடுங்கும். அதான் நம்ம ஆபீசு சாருக்குப் போன் போட்டு, புள்ளைக்குக் கொஞ்சநா லீவு குடுங்கன்னேன்."

நான் சந்தேகப்பட்டது சரிதான். என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். கோபப்படவும் முடியவில்லை.

பிப். 8, சனி

தூறல். பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

மேடம் வந்தார். நிரப்பியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு படிவம் கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். நின்றபடியே உண்மையை எழுதினேன். "சில நேரம்" நிறைய. "இல்லை"யும் இருக்கிறது.

கொடுக்கும்போது மேடம் கையிலிருந்த கட்டின் மேலே அண்ணனின் படிவம். எங்கள் வண்டி நம்பர். பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். "உடன் பணிபுரிபவரின் சொல்லை முழுமையாக நம்புகிறேன்." எப்போதும் என்று டிக் போட்டிருந்தார்.

கண்ணாடி விஷயத்தை மேடத்திடம் நான் சொல்லவில்லை.