பூட்டிய கதவும் பதினாறு விருந்தாளிகளும்

தோர்ப்லி, நார்ஃபோக்
மே 14

அன்பு மகன் லெனார்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், முழங்கால் மட்டும் மழை வருமுன்னே சேதி சொல்லிவிடுகிறது. மெல்போர்னில் நீயும் நலம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊர்ப் பாழடைந்த மடாலயத்தை வாங்கியவர்கள் ஆற்றங்கரைப் பாதையில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். இனி அங்கே கல்யாணங்கள் மட்டும்தானாம். பார்க்க வேண்டிய இடங்கள் என்று இந்த வருடம் அச்சான கையேட்டிலும் அதன் பெயர் இல்லை. அரண்மனை உண்டு, காற்றாலை உண்டு, கடல்நாய் பார்க்கும் படகுகூட உண்டு. எண்ணூறு வருடமாக நிற்கும் நம் வளைவுகள் இல்லை! இருபத்தாறு வருடம் அங்கே வழிகாட்டியாக இருந்தவள் சும்மா இருப்பேனா?

சனிக்கிழமை மதியம், வழக்கம்போல் சுற்றிப் பார்க்க வந்த பதினாறு பேரையும் நேரே அந்தக் கதவுக்கே கூட்டிப்போனேன். உள்ளே கல்யாணம். மேலாளர் க்ராஸ்பி ஓடிவந்தார். "இந்த வயசுல வீட்ல உக்காந்து டீ குடிக்காம உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றார். "டீ ஃப்ளாஸ்க்லயே இருக்கு. உள்ள போய்க் குடிக்கிறோம், வழி விடுங்க" என்றேன். விடவில்லை.

நானும் விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்றபடியே கதையை ஆரம்பித்தேன். அரசனின் ஆட்கள் மடத்தைப் பிடுங்க வந்ததையும், மடத்துத் தலைவர் நடுவாசலில் நாற்காலி போட்டு நகர மறுத்ததையும் தொண்டை கிழியச் சொன்னேன். கல்யாண வீட்டார் ஒவ்வொருவராகக் கதவருகே வந்துவிட்டார்கள். கடைசியில் மணப்பெண்ணே வந்தாள். "அந்த வாசல்லயா நான் இப்ப மோதிரம் மாத்திக்கிட்டேன்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் க்ராஸ்பியிடம் திரும்பி, "இன்னிக்கு இந்த இடம் எங்களுது. இவங்க என் விருந்தாளிங்க. திறங்க" என்றாள். திறந்தார்! எல்லோருக்கும் கேக்கும் கிடைத்தது.

திங்கட்கிழமை வக்கீல் கடிதம் வந்தது. இனி அந்தப் பக்கம் காலடி வைத்தால் வழக்காம். வைக்கத்தான் போகிறேன். ஜூன் ஒன்பதாம் தேதி பாதையைப் பற்றி விசாரணை. இருபது வருடம் ஊரார் தடையில்லாமல் நடந்த வழி என்று நிரூபித்துவிட்டால் கதவு போய்விடும். அப்படி நடந்தோம் என்று நாற்பத்தொரு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஏழு வருடம் அந்த வழியாகத்தான் நீ பள்ளிக்கூடம் போனாய். இத்துடன் வைத்திருக்கும் தாளில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நடந்தாயா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். அப்பாவை அடக்கம் செய்த அன்று நீ என்ன சொன்னாய், நான் என்ன சொன்னேன் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்க மாட்டேன்.

தபால் தாமதமாகும் என்று தோன்றினால் நீயே கொண்டுவந்து கொடுத்தாலும் சரிதான். கடவுள் உன் கால்களுக்குப் பலம் தரட்டும்.

என்றும் உன் அம்மா,
மேபல் தர்க்கெட்டில்