மிளகு டப்பாவுக்குள் இருந்த 2.1

டப்பாவைத் திறந்ததும் மிளகு வாசம் மூக்கில் ஏறி, அடுத்தடுத்து இரண்டு தும்மல். மூன்றாவது தும்மலோடு அழுகையும் வந்துவிட்டது. ஆனால் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு எழுதும்போது மறைத்து என்ன ஆகப் போகிறது?

கால் டப்பா காய்ந்த மிளகு, அதற்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய உன் பென் டிரைவ். மழைக்காலத்தில் நம் கொல்லிமலையின் ஈரம் பீரோவுக்குள் இருக்கும் துணியைக்கூட விட்டுவைக்காது, மிளகுக்குள் வைத்தால் அண்டாது என்று நீ கண்டுபிடித்த வழி. அன்று காலைதான் உன் ஊரான குண்டூர் நாட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். நீ இறந்ததிலிருந்து எட்டு மாதமாகச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கையில் கொடுக்கும்போது, "ஏங் கண்ணு, இதுக்குள்ளயும் அவ பேசுறாளா?" என்று கேட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் உன் அம்மாவின் போன் பாறையில் விழுந்து உடைந்தது. உன் தம்பி புதுசு வாங்கிக் கொடுத்தான். அந்தப் புதுப் போன் நாம் இருவரும் செய்த ஆப்பை ஏற்கவில்லை. ஆப் பழசு, இந்தப் போனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டது. அம்மா எனக்குப் போன் செய்தார்கள். "அவ பேச மாட்டேங்கறா கண்ணு. தெனமும் காலைல பேசுவா. நாலு நாளா பேச்சே இல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மிளகுக் கொடி இலையைப் படம் பிடித்தால் என்ன நோய், என்ன செய்யவேண்டும் என்று சிக்னல் இல்லாத காட்டிலும் வாய்விட்டுச் சொல்கிற ஆப் அது. அந்த வாய் உன்னுடையது, நீ பதிவு செய்துவைத்த குரல். அம்மா தினமும் காலையில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய், நோயே இல்லாத ஓர் இலைக்கு நேராகப் போனைப் பிடித்து நிற்பார்களாம். நோய் பார்க்க அல்ல.

புதிதாகக் கட்டி அனுப்பினால் தீர்ந்தது, அரை நாள் வேலை என்று நினைத்தேன். எழுதிவைத்ததையெல்லாம் சேர்த்து ஆப்பாகக் கட்டித் தரும் பில்டு கருவியையும், அதில் செருகும் ப்ளகின் என்ற துணை நிரல்களையும் பற்றி நீ என்ன சொல்வாய்? "இது கல்யாண ஊடு மாதிரி புள்ள. ஒரு ப்ளகினக் கூப்புட்டா அது நாலு பேரக் கூட்டியாரும், அந்த நாலு பேரு நாப்பது பேரக் கூட்டியாருவாங்க. அதுல ரெண்டு பேருக்குப் பேச்சுவார்த்தையே இருக்காது." அப்படியேதான் ஆனது. பழையதுக்குப் பதிலாக நம் சேலத்து அலுவலகம் அனுப்பிய புது லேப்டாப்பை, சிக்னல் வரும் தொட்டி மேட்டுக்குத் தூக்கிப் போய் இணையத்தில் இணைத்தேன், முதல் நாளே சண்டை. ஒரு ப்ளகின் ஒரு நிரல் நூலகத்தின் பழைய வெர்ஷனைக் கேட்டது, இன்னொன்று புதியதைக் கேட்டது. கருவி யாரையும் கேட்காமல் புதியதை எடுத்துக்கொள்ள, பழையதைக் கேட்டது முறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. இன்னதுதான் வேண்டும் என்று ஒரு வரி எழுதி இரண்டையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தேன். மறுநாள் ஒரு ப்ளகின் இருந்த இணைய முகவரியே மாறிப் போயிருந்தது. அதையும் தேடிப் பிடித்தேன்.

மூன்றாம் நாள் எல்லாரும் வந்துவிட்டார்கள். யார் யாரோடு வந்தார்கள் என்ற முழுப் பட்டியலையும் எடுத்து, நாம் கடைசியாகக் கட்டியபோது எடுத்த பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டேன். ஒவ்வொரு வெர்ஷன் எண்ணும் அப்படியே இருந்தது. குரல் கோப்புகளை ஆப்புக்குள் பொதியும் ப்ளகின் அன்றும் 2.1, இன்றும் 2.1. ஒரு புள்ளி மாறவில்லை. ஆனாலும் உன் குரல் இருக்கும் இடம் வந்ததும் கருவி நின்றது. கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி, கோப்பின் பெயருக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகளைக் கொட்டியது.

ஏன் கேள்விக்குறி என்று உனக்குத் தெரியும். நாற்பது சொச்சம் குரல் கோப்புக்கும் நீ தமிழிலேயே பெயர் வைத்தவள். "வாடல்", "தண்டழுகல்", "எலைப்புள்ளி". ஆங்கிலத்தில் வைத்துத் தொலையேன் என்று நானே சொன்னேன். "நம்ம கொடிக்கு வர்ற நோவுக்கு நம்ம கூப்புடற பேரு இருக்குது. அத எழுத முடியலைன்னா அது கருவியோட கொறை, என்னுது இல்ல," என்றாய். இன்றைக்கும் எனக்கு அதில் மறுபேச்சு இல்லை. உலகத்தில் இருபத்தாறு எழுத்துதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கருவி செய்கிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

வாராந்திரக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி மேட்டில், சிக்னல் வருகிற அந்த ஒரே இடத்தில், போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம் குழுத் தலைவர் பேசினார். "அந்தப் பொண்ணு செஞ்சது பூராவும் அரைகுறைங்க. கோப்புக்குத் தமிழ்ல பேரு வெப்பாங்களா யாராச்சும்? ப்ளகினையும் தூக்கிடுங்க, அந்தக் கொரலையும் தூக்கிடுங்க. கம்ப்யூட்டர் கொரல் போட்டுக்கலாம். பின்னாடி கோழியெல்லாம் கூவுது அதுல."

கோழி கூவுகிறதாம்! உன் வீட்டு மரவள்ளி போட்டுவைக்கும் அறையில், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வியர்த்து ஒழுகப் பதிவு செய்தாயே, அந்த அறைக்கு வெளியே கோழி கூவாமல் என்ன கூவும்? ஆப்பைத் தொடங்கிவைத்த விழாவில் மேடையில் அவர் அந்தக் குரலைப் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கியபோது அதே கோழிதான் கூவியது. அன்றைக்கு இனித்தது, அப்போதும் உன் பெயரைச் சொல்லவில்லை. எட்டு நாள் காய்ச்சலில் நீ போனபோது அலுவலகத்திலிருந்து வந்தது ஒரு வரிச் செய்தியும் ஒரு கும்பிடு பொம்மையும். இப்போது பில்டு நின்றபோது மட்டும் உன் ஞாபகம் வருகிறது. கூட்டக் குறிப்பில் எழுதியும் வைத்தார்கள்: கோளாறுக்குக் காரணம், முன்னாள் ஊழியரின் தரமற்ற வேலை.

மேட்டிலிருந்தே கத்தினேன். "செத்தவ வந்து பதில் சொல்லமாட்டாங்கற தைரியந்தானுங்க உங்களுக்கு?" பிறகு அவர், "வெள்ளிக்கிழம வரைக்கும் பாருங்க. இல்லீன்னா தூக்கிடலாம்," என்றார். அப்படி ஆனால் உன் அம்மாவின் புதுப் போனில் ஒரு இயந்திரம், "இலை ஆரோக்கியமாக உள்ளது," என்று சொல்லும். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் குண்டூர் நாட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் அதே கண்டக்டர். அவர் கையில்தானே இந்த டப்பா உனக்கும் எனக்கும் நடுவில் மூன்று வருடம் போய்வந்தது? அப்போதெல்லாம் நம் ஊர்களில் பெரிய கோப்பு எதுவும் இறங்காது. நீ மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு நடந்தே இறங்கி, இணையம் இருக்கும் உன் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து எல்லா ப்ளகினையும் இறக்கி, பென் டிரைவில் போட்டு, மறுபடி மலையேறி வருவாய். அதை மிளகுக்குள் புதைத்து, அரியூர் நாட்டில் இருக்கும் எனக்குப் பஸ்ஸில் அனுப்புவாய். நம் கருவிகள் இணையத்தின் பக்கமே போகாமல் அந்தப் பென் டிரைவிலிருந்து எடுத்துக்கொள்ளும். விஷயம் தெரியாத கண்டக்டர் ஒருநாள் கேட்டாரே, "ஏனுங்க, ரெண்டு ஊட்டுலயும் மொளகு காய்க்குது. எதுக்கு மாத்தி மாத்திக் குடுத்து உட்டுக்கறீங்க?" நீ முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "எங்களது கொஞ்சம் காரம் ஜாஸ்திங்க," என்றாய்.

டப்பாவோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன். பென் டிரைவைச் செருகி, குரல் பொதியும் ப்ளகினைத் தேடி எடுத்தேன். 2.1. புது லேப்டாப் இணையத்திலிருந்து எடுத்ததும் 2.1. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே பெயர், ஒரே எண். ஆனால் அளவு வேறு. உன்னுடையது கொஞ்சம் பெரியது.

பார்த்த உடனே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

நீ புளியஞ்சோலையிலிருந்து ஏறி நேரே என் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு வந்த நாள். காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து, "ஏ புள்ள, அந்த ப்ளகினப் பிரிச்சு நானே சரி பண்ணிட்டேன். தமிழ்ப் பேர இப்ப ஒழுங்காப் படிக்குது," என்று சிரித்தாய். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதுக்கு வேற நெம்பரு போட்டரலாமா? 2.1-ன்னே இருந்தா நெட்டுல இருக்கறதும் இதும் ஒண்ணுன்னு எவனாச்சும் நெனச்சுக்குவான்," என்றாய். என் பதிலும் ஞாபகம் இருக்கிறது. "எவன் பாக்கப் போறான்? நம்ம ரெண்டு பேர்கிட்டதான இருக்குது. நெம்பர மாத்துனா பத்து எடத்துல மாத்தோணும். உடு புள்ள." "செரி, உன்ற இஷ்டம்," என்று டப்பாவை மூடி என் கையில் கொடுத்தாய்.

எண்ணை வைத்துத்தான் கருவி ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. டப்பாவிலிருந்தே எடுத்துக் கட்டியவரை எந்தத் தொல்லையும் இல்லை. டப்பாவைப் பற்றித் தெரியாத புது லேப்டாப் 2.1 என்று கேட்டதும், இணையம் தன் 2.1-ஐக் கொடுத்தது. நீ சரிசெய்தது அதில் இல்லை. அவ்வளவுதான். நாலு நாளாக நான் கருவியைத் திட்டினேன், அதைச் செய்தவர்களைத் திட்டினேன், குழுத் தலைவரைத் திட்டினேன். ஒருதரம், எதையும் எழுதிவைக்காமல் போய்விட்டாயே என்று உன்னைக்கூடத் திட்டினேன். சரியாகச் சொன்னவளை வாயடைத்தவள் நான்தான். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு வாசலில் போய் நின்றேன். நிற்க முடியாமல் உள்ளே வந்தேன்.

எண்ணை மாற்றினேன். 2.1-கொல்லி. செய்தவர் பெயர் என்ற இடத்தில் உன் முழுப் பெயரைப் போட்டேன். பத்து இடம் என்று சொன்னேனே, மூன்றே மூன்று இடம்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரச் சோம்பேறித்தனத்துக்காக உன் குரலை அழிக்கப் பார்த்தார்கள்.

கருவியை ஓட்டினேன். வாடல், தண்டழுகல், எலைப்புள்ளி என்று உன் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பெயரோடு உள்ளே போயின. ஒரு கேள்விக்குறி இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி தொட்டி மேடு. "தப்பு அவளுது இல்லீங்க, என்னுது. அவ நெம்பர மாத்தணும்னு சொன்னா, நாந்தான் வேண்டாம்னேன்," என்றேன். குழுத் தலைவர் சிரித்தார். "அட, விடுங்க. பில்டு ஆயிருச்சுல்ல, அது போதுங்க." பார்த்தாயா? உன் தப்பு என்று நினைத்தவரை அது தரமற்ற வேலை, எழுத்தில் ஏறியது. என் தப்பு என்று தெரிந்ததும் விடுங்க! உயிரோடு இருந்து எதிரில் நின்று கத்துகிறவளுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம். "விடமாட்டேனுங்க. அந்த வரிய அழிச்சுட்டு என்னோட பேர எழுதுங்க. எழுதி எனக்கு அனுப்புனதுக்கு அப்புறம்தான் ஆப்ப அனுப்புவேன்," என்றேன். முனகினார். ஆனால் அனுப்பினார். வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

சனிக்கிழமை காலை உன் வீட்டுக்குப் போனேன். அம்மாவின் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். அவர்கள் என்னிடம் ஒன்றும் பேசாமல் கொடிக்குப் போய், பச்சைப் பசேலென்று இருந்த ஓர் இலைக்கு நேராகப் போனைப் பிடித்தார்கள். நீ பேசினாய்.

"எலை நல்லாத்தான் இருக்குதுங்க. ஒண்ணும் பயமில்ல, ஊட்டுக்குப் போங்க."

இந்தக் குரலைத் தினமும் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பாதிதான் சரி. அம்மா போனைக் கீழே இறக்கவில்லை, காதோடு சேர்த்துப் பிடித்தார்கள். கோழி கூவியது. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், "கண்ணு, சோறு ஆறுது," என்று அம்மாவின் குரலே கேட்டது. பிறகு கம்பளிக்குள்ளிருந்து நீ, "இதா வாரேம்மா," என்றாய். பதிவின் கடைசியிலிருந்து நான் வெட்டிவிடச் சொன்ன துண்டு அது. அதிலும் நீ என் பேச்சைக் கேட்கவில்லை.

"செரி சாமி, வா," என்றார்கள் அம்மா, போனைப் பார்த்து.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. "நீயே வெச்சுக்க கண்ணு. எனக்குத்தான் அவ பேசறாளே." இப்போது என் மேசையில் இருக்கிறது. எதையாவது திருத்திவிட்டு எண்ணை மாற்றாமல் விடலாமா என்று சோம்பல் வரும்போது மூடியைத் திறக்கிறேன். தும்மல் வருகிறது. மூன்று இடத்திலும் எண்ணை மாற்றிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.