யேரின் தந்த காபி

காங்னுங், கொரியா
டிசம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கேப் டவுனில் வெயில் கொளுத்தும், இங்கே பனி. நான் நலம்.

போன வாரம் சின்ன விஷயம் ஒன்று நடந்தது. ஐந்தாம் வகுப்பு யேரின், நான் இருமுவதைப் பார்த்துவிட்டு (வெறும் இருமல்தான், பயப்படாதீர்கள்), கடையில் சூடாகவே விற்கும் டின் காபி ஒன்றைச் சூடு ஆறாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன். என்னோடு ஆங்கில வகுப்பெடுக்கும் ஓக் டீச்சர் பதறிவிட்டார்.

"ஐயோ, மார்க் போடுற நாம பிள்ளைங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாதுங்க. சட்டம். உடனே திருப்பிக் கொடுத்துடுங்க."

தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். நானோ பயத்தில் எல்லார் முன்னாலும் நீட்டிவிட்டேன்.

"எனக்கு மார்க்கெல்லாம் வேணாம் டீச்சர். உங்களுக்கு இருமல்னுதான்..." என்றாள். பையன்கள் "லஞ்சம், லஞ்சம்!" என்று கத்தினார்கள்.

இப்போது யேரின் என்னைக் கண்டால் முன்போல ஓடிவருவதில்லை. நின்று, இடுப்பு வளைய வணங்கிவிட்டுப் போகிறாள்.

டீச்சர்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்குத் தடையில்லையாம். அடுத்த பார்சலில் நீங்கள் சுடும் ரஸ்க் ஒரு டப்பா கூடுதலாக வையுங்கள். அதன்மேல் அவள் பெயரை நீங்களே எழுதுங்கள். நான் எழுதினால் வாங்கமாட்டாள்.

மணி அடிக்கிறது, அவள் வகுப்புதான். இருமலை அடக்கிக்கொண்டு போகிறேன்.

உங்கள்
லின்டெல்வா