கோயம்புத்தூருக்கு ஒரு லேப்டாப்

ஜூலை 10, வியாழன்

காலையிலிருந்து ஓயாத காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் முள்வேலியில். பொறுக்கிக்கொண்டு வந்த அம்மா, கிளிப் மாட்டவில்லை என்று என்னைத் திட்டினாள்.

இன்னும் பதினொரு நாளில் கல்லூரி. கோயம்புத்தூர். பி.எஸ்சி. கணினி அறிவியல். எப்படிப்பட்ட லேப்டாப் வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். போனை மூக்கில் ஒட்டி, முகத்தைத் திருப்பி, எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். ஒன்பது வரி. அரை மணி நேரம்.

ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் ஏழு லிங்க் அனுப்பியிருக்கிறான். கூடவே குரல் பதிவு. "எட்டு ஜிபி பத்தாதுடி, பதினாறு வாங்கு. ரெண்டாவதுல ஸ்கிரீன் அம்புட்டு அழகா இருக்கும், பாரு." குரலில் சொன்னதால் புரிந்தது. லிங்க் எதையும் திறக்கவில்லை.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். போன தீபாவளியிலிருந்து எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுப்பகுதி அழிந்துபோகிறது. ஈரக்கையால் ஸ்லேட்டைத் தேய்த்த மாதிரி. ஓரங்கள் நன்றாகத் தெரிகின்றன. கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை பவர் மாற்றினார்கள். பயனில்லை. மூன்றாவது தடவை, "இப்பத் தெளிவா இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. இதை ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன். பக்கத்துக்கு ஆறு வரி.

ஜூலை 11, வெள்ளி

காற்று நிற்கவில்லை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கச் சொன்னாள் அம்மா. விரலால் துழாவினேன். மத்தியானம் அப்பா சோற்றை மென்றவர் அப்படியே நிறுத்தினார். "என்ன தாயி, கண்ண மூடிக்கிட்டா பாத்த?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

சொல்லாததற்குக் காரணங்கள்:

1. பத்தாவதில் சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்தது. அப்பா சைக்கிளையே விற்றுவிட்டார். அப்புறம் இரண்டு வருடம் அவருடைய லோடு ஆட்டோவில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனேன். கண் என்று தெரிந்தால் வாசலைத் தாண்ட விடமாட்டார்.

2. சீட் போய்விடும்.

3. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். (இதுதான் முதல் காரணம்.)

நாளை அப்பாவோடு கடைக்கு. அதிகம் பேசக் கூடாது. அண்ணன் போனில் சொன்ன மாடலின் பெயர் மனப்பாடம். சாமி, ஒரே ஒரு மணி நேரம் காப்பாற்று.

ஜூலை 12, சனி

காப்பாற்றவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. வரிசையாகப் பதினைந்து லேப்டாப், எல்லாத் திரையும் ஒளிர்கிறது. மேலே விளக்கு வெளிச்சம். எனக்கு எல்லாமே வெள்ளைக் கலங்கல். விற்கிற அக்கா ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் சொன்ன மாடல் இல்லையாம். நான் கீபோர்டுகளைத் தடவினேன். ஒன்றில் கீ ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

"இது."

அப்பாவுக்குப் பெருமை. "எம்பொண்ணு கரெக்டாப் புடிச்சிட்டா பாருங்க."

மேசை மேலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "கண்ணாடிய வண்டியிலயே வச்சுட்டேன். வாரண்டி என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

தாளில் சாம்பல் கோடுகள். வாய் தானாகப் பேசியது. "ஒரு வருசம்ப்பா. தண்ணி பட்டா, கீழ விழுந்தா கெடையாதாம்."

அப்பா தலையாட்டினார். அந்த அக்கா என் பக்கம் குனிந்தார். பிறகு மெதுவாக, "பாப்பா, அது வாரண்டி இல்லம்மா. ஆடித் தள்ளுபடி நோட்டீசு. தமிழ்லதான் இருக்கு."

அப்பா தாளை வாங்கினார். கையை நீட்டி, தூரத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிட்டோம்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எம்புட்டு நாளா?"

"தீபாவளியிலருந்து."

"எம்மூஞ்சி தெரியுதா?"

"நேராப் பாத்தாத் தெரியாதுப்பா. இப்படித் திரும்பிக்கிட்டாத் தெரியும்."

கேட் திறந்தது. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கிறது. அப்பா வண்டியை எடுக்கவேயில்லை.

ஜூலை 14, திங்கள்

மதுரை. கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, இருட்டறை, கண்ணைப் படம் எடுத்தல், மறுபடி சொட்டு மருந்து. மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் டாக்டரம்மா கூப்பிட்டார்.

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது. மரபிலேயே வருவது. கண்ணாடியால் சரியாகாது. ஆபரேஷன் கிடையாது. நடுவில் இன்னும் மங்கலாம். ஓரப்பார்வை பெரும்பாலும் நிலைக்கும். முழு இருட்டு பெரும்பாலும் ஆகாது.

அந்தப் 'பெரும்பாலும்'.

அம்மா கேட்டாள். "எங்க வழியில வந்ததா, அவுக வழியில வந்ததா டாக்டர்?"

"ரெண்டு பேரும் குடுத்ததும்மா."

அம்மா முந்தானையால் என் கன்னத்தில் வழிந்த சொட்டு மருந்தைத் துடைத்துவிட்டாள்.

பார்வை குறைந்தவர்களுக்குத் தனி அறை ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் கம்ப்யூட்டர் பேசியது. திரையில் இருப்பதையெல்லாம் படிக்கிறது, பூ மார்க்கெட்டில் ஏலம் விடுகிற வேகத்தில். அவர் அதைக் கேட்டுக்கொண்டே டைப் அடித்தார். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. "பழகிரும். ஒரு மாசம் ஆகும்" என்றார். எந்த லேப்டாப்பிலும் இதைப் பேச வைக்கலாமாம்.

எனக்கு இருப்பது ஏழு நாள்.

திரும்பும் வழியில் கொடைரோடு வரைக்கும் அழக் கூடாது என்று வைத்திருந்தேன். அதற்கு முன்னால், வாடிப்பட்டியிலேயே முடியவில்லை.

ஜூலை 16, புதன்

நேற்று எழுதவில்லை. நாள் முழுக்கப் படுக்கை.

இன்று காலை அப்பாவே வந்து, "கெளம்பு தாயி, கடைக்குப் போவோம்" என்றார். நம்பவே முடியவில்லை.

அதே கடை. அதே அக்கா. நானே சொன்னேன். "எனக்குப் பார்வை கம்மிக்கா. படிக்கிற சத்தத்தக் கேட்டுப் பாத்து வாங்கணும்." வெளியாளிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. அவர் "அவ்வளவுதானா?" என்றார். எந்தக் கீயை அமுக்கினால் பேசும் என்று அண்ணன் போனில் சொல்லச் சொல்ல, மூன்று லேப்டாப்பைப் பேச வைத்தோம்.

முதலாவது: ஸ்பீக்கர் அடியில். மேசையில் வைத்தால் குரல் அமுங்குகிறது.

இரண்டாவது: மெல்லிசு, அழகு. கீயெல்லாம் தட்டை. எது எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது: கனம். குரல் தெளிவு. மேல் வரிசைக் கீகளை விரலாலேயே எண்ணிவிடலாம்.

"இதுல ஸ்கிரீன் சுமாராத்தான் இருக்கும் பாப்பா" என்றார் அக்கா.

"பரவால்லக்கா."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அப்பா சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்ல இருந்தே தபால்ல படிக்கலாம்ல. அதுக்கு இது போதும். நாளக்கழிச்சுக் காலேஜுக்குப் போன் போட்டு, வரலன்னு சொல்லிருவோம்."

மடியில் லேப்டாப் பெட்டி. அப்படியே ரோட்டில் போட்டுவிடலாம் என்று கை பரபரத்தது. "அப்ப எதுக்குப்பா வாங்குனீங்க?"

"நீ ஆசப்பட்டியே."

வீட்டுக்கு வந்தால், அம்மா என் பையிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். போர்வை, சோப்பு டப்பா, புதுச் செருப்பு எல்லாம் கட்டில் மேல். நான் சாப்பிடவில்லை. யாரும் சாப்பிடு என்று சொல்லவும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அம்மா கோவிலுக்குப் போய்விட்டாள். பெட்டியைப் பிரித்தேன்.

குரலின் வேகத்தை ஆகக் குறைத்து வைத்தேன். ஒரு கோப்பைத் திறக்க, டைப் அடிக்க, சேமிக்க: இரண்டு மணி நேரம். என் பெயரை யாரோ வெளிநாட்டுக்காரி பெயர் மாதிரி சொல்கிறது. கல்லூரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். எனக்குப் பார்வை குறைவு, முன் வரிசை வேண்டும், திங்கட்கிழமை வருகிறேன். திருப்பிப் படிக்கச் சொன்னேன். இரண்டு பிழையைக் காதாலேயே கண்டுபிடித்தேன். அனுப்பவில்லை. யாரிடம் கேட்டு அனுப்ப?

மத்தியானம் அப்பா லோடு இறக்கிவிட்டு வந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. பீரோக் கண்ணாடியில் அம்மா ஒட்டி வைத்திருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டுகளில் இரண்டைப் பிய்த்தார். தன் மூக்குக் கண்ணாடியில், இரண்டு பக்கமும் நட்டநடுவில் ஒட்டினார். மாட்டிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"இப்பிடித்தான?"

"கிட்டத்தட்ட இப்பிடித்தான்ப்பா."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். "ஒரு எழுத்தும் சிக்கலயே" என்றார். எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

எழுந்து நடந்தார். தண்ணீர் டிரம், விறகு, நிறுத்தியிருந்த வண்டி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ரோட்டோரம் வரை போனார். பின்னாலேயே போனேன். எதிலும் முட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றாமல் அங்கேயே நின்றார். நத்தம் பஸ் ஒன்று கடந்து போனது.

"நடக்க முடியுது."

"முடியும்ப்பா."

"பஸ் வாரது தெரியுது. எந்த ஊருன்னு தெரியல."

"பக்கத்துல நிக்கிறவுகள்ட்ட கேட்டுக்கிருவேன்."

பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கேக்கணும். வாயத் தொறந்து கேக்கணும். எங்கிட்ட மறச்ச மாதிரி அங்க போயி மறைக்காத."