மீன் தண்ணி போட்ட பப்பாசிச் சம்பல்

இன்று காலை இறால் கொடுக்க, நாம் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். குசினியில் யாரோ அந்தப் போத்தலைத் திறந்திருந்தார்கள். நெத்தலியை உப்பில் மாதக்கணக்காக ஊறவைத்து வடித்த மீன் தண்ணி. அந்த மணம் வந்ததும் பெட்டியை இறக்கக் கை வரவில்லை. அன்று நீயும் நானும் இருந்த யன்னலோர மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுனாமியில் கடல் நம் மகனைக் கொண்டுபோன பிறகு ஊரே கொஞ்ச நாள் கடல் மீன் வாங்கவில்லை. வாவி மீனுக்கு விலை ஏறியது. பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் தின்னத் தொடங்கினார்கள். நீ மட்டும் தொடங்கவில்லை. நாவலடிக் கடற்கரைக்கு விளையாடப் போனவனின் உடல் நமக்குக் கிடைக்கவேயில்லை. வாவி மீனாவது கொண்டு வரட்டா என்று ஒருநாள் கேட்டேன்.

"வாவியும் கடலும் முகத்துவாரத்தில ஒண்டுதானே. புள்ள எங்க கிடக்கிறான் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சைக்கிளில் கூடை கட்டி விற்றுத் தலையெடுத்தவன் நான். எனக்கு வேறு தொழில் தெரியாது. மீனை விற்றேன், வாயில் வைக்கவில்லை. பின்னேரம் கிணற்றடியில் மீன் மணம் போகத் தேசிக்காய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். நீயோ பூசணிக்காயும் சோறும் பிசைந்து பாதியில் எழும்பிவிடுவாய். உன் காப்பு முழங்கை வரைக்கும் ஏறத் தொடங்கியது. மகனை ஒரே அடியில் கொண்டுபோன கடல் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகிறது என்று பயந்தேன்.

காக்கா கட்டாரில் ஹோட்டல் குசினியில் தாய்லாந்துக்காரரோடு நின்று சமையல் பழகியவர். சுனாமி வேலைக்கு வந்த வெள்ளைக்காரரை நம்பித்தான் கல்லடியில் கடை போட்டார். சண்டை முடிந்த கையோடு அவர்களின் ஜீப்புகள் போய்விட்டன. "இனி நம்மட சனந்தான் திண்டு என்னக் காப்பாத்தணும். தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க" என்றார். நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். சேலை மாற்றிக்கொண்டு வந்தாய்.

"காக்கா, மீன் இறைச்சி ஒண்டும் வேணாம்."

"பயப்படாதீங்க தங்கச்சி, முழுக்க மரக்கறி."

பப்பாசிக்காயைச் சீவி இடித்த சம்பல் வந்தது. ஒரு வாய் வைத்தாய். "நம்மட சம்பலுக்கு ஆரோ புத்தி சொல்லிக் குடுத்த மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தாய். மறுபடி எடுத்தாய். சோற்றை இழுத்துப் பிசைந்தாய். எத்தனை வருடத்துக்குப் பிறகு நீ பசித்துச் சாப்பிடுவதைப் பார்த்தேன்!

அப்போதுதான் எனக்கு மணம் பிடிபட்டது. காக்காவுக்கு அது மீனில்லை, உப்பு. எனக்கு அப்படியில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பதுதான் வியாபாரம். வாயைத் திறக்காமல் இருந்தால் நீ வயிறாரச் சாப்பிடுவாய். ஆனால் நீ என்னிடம் சாமான் வாங்க வந்த ஆள் இல்லையே. உன் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேல் கையை வைத்தேன்.

"இதுக்குள்ள மீன் தண்ணி கிடக்கு."

எடுத்த பிடியை நீ கோப்பையிலேயே போட்டாய். காக்கா ஓடி வந்தார். "அல்லாஹ்வே! நாங்க அத உப்புக் கணக்கிலதான் பார்க்கிற, தங்கச்சி. இந்தச் சம்பல எனக்குப் பழக்கினவனே ஒரு தாய்லாந்துக்காரன். அவன்ட ஊரிலயும் அண்டைக்குத்தான் கடல் அடிச்ச. பொஞ்சாதி போயிட்டா."

நீ அவரை நிமிர்ந்து பார்த்தாய். "அவன் மீன் தின்னுவானா?"

"கொஞ்சக் காலம் தொடல்ல. மறுகா ஒருநாள் அவனே ஆக்கினான். பொஞ்சாதிக்கு முதல் ஒரு கோப்பையில வெச்சிட்டு, எங்களோட இருந்து திண்டான்."

நீ யன்னலால் வாவியைப் பார்த்தாய். தோணிக்காரர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். காக்கா கோப்பையை எடுக்கக் குனிந்தார்.

"கைய எடுங்க" என்றாய். அவருக்கில்லை, எனக்கு.

ஒரு பிடி சம்பலை வாழையிலைத் துண்டொன்றில் எடுத்து யன்னல் விளிம்பில் மகனுக்கு வைத்தாய். பிறகு சாப்பிட்டாய். என் கோப்பையிலும் அள்ளிப் போட்டாய்.

"நீங்களும் தின்னுங்க. எத்தின நாளைக்கு வித்துப்போட்டு மட்டும் இருப்பீங்க?"

நான் மீன் தின்னாமல் இருந்தது உனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அந்த வருடம் மகனுக்குப் படைத்தபோது அவனுக்குப் பிடித்த இறால் பொரியலை நீயே பொரித்து முதல் வைத்தாய்.

போன மாரியில் நீ நோயில் விழுந்து போய்ச் சேர்ந்தாய். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அன்று உன் தம்பி வந்து பக்கத்தில் இருந்தான். "அத்தான், வருசம் முடியுமட்டும் மீன், மச்சம் ஒண்டும் தொடாதீங்க. சனம் கதைக்கும்."

"சனம் கதைக்கட்டும். உன்ட அக்காவெல்லோ கோவிப்பா" என்றேன்.

திரளி மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தேன். உனக்கும் மகனுக்குமாக முதல் ஒரே இலையில் வைத்தேன். பிறகு இருந்து, வயிறாரச் சாப்பிட்டேன்.