ஷானிஸின் ‘தேர்ச்சி’

மார்ச் 19, செவ்வாய்

காலையில் ஷானிஸ் ப்ரூவிட் வந்தாள். பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு, அடுத்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டியவள். அம்மாவுக்குப் பக்கவாதம். இரண்டு வாரமாக ஆஸ்பத்திரிக்கும் வகுப்புக்கும் அலைகிறாள். கரிம வேதியியலில் சி கிரேடு வந்துவிடுமோ என்று பயம்.

“அந்தப் பாடத்துக்கு மட்டும் கிரேடு வேண்டாம், வெறும் ‘தேர்ச்சி’ போதும்னு மாத்திக்கோ. யாரும் குறையாப் பார்க்க மாட்டாங்க” என்றேன். படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

“இப்பதான் மூச்சே வருது, மிஸ்டர் ஹால்ஸ்டெட்” என்றாள்.

பதினெட்டு வருடமாக மாணவர் ஆலோசகர் வேலை. இப்படி மனசு நிறைவது எப்போதாவது ஒரு நாள்தான்.

மே 14

வேதியியல் பேராசிரியர் லிஃப்டில் சொன்னார்: “உங்க ஷானிஸ் கடைசிப் பரீட்சையில பின்னி எடுத்துட்டா. கிரேடு போட விட்டிருந்தா ஏ மைனஸ்!”

சிரித்து வைத்தேன்.

மே 15

அவள் குறித்து வைத்திருந்த ஆறு மருத்துவக் கல்லூரிகளின் விதிகளையும் பார்த்தேன். ஐந்தில், கட்டாயப் பாடத்துக்குக் கிரேடு இல்லாவிட்டால் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வதில்லை. கொரோனா காலத்தில் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சலுகை எப்போதோ முடிந்துவிட்டது. நான் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை — அவ்வளவுதான். இதற்கு வேறு வார்த்தை ஏன் தேடிக்கொண்டிருக்கிறேன்?

மே 20

ஷானிஸை நானே கூப்பிட்டுச் சொன்னேன். அழவில்லை. “திரும்ப மாத்த முடியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

முடியும். ஆலோசகர் தவறாக வழிகாட்டினார் என்று எழுத்தில் இருந்தால் பதிவாளர் கிரேடைப் போட்டுவிடுவார்.

“நான் எழுதித் தரேன். கவலைப்படாதே.”

மே 22

துறைத் தலைவி மார்லா கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். “தப்பு என்னுதுன்னு எழுதித் தொலைச்சிடாதீங்க, ஹால்ஸ்டெட். நாளைக்கு நாப்பது பேர் வக்கீலோட வந்து நிப்பாங்க. அப்புறம், உங்க பதவி உயர்வு கோப்பு இப்ப என் மேசையிலதான் இருக்கு.”

மே 23

பதிவாளருக்கு எழுதிவிட்டேன். ‘இருவருக்கும் இடையே ஏற்பட்ட தவறான புரிதல்.’ நாலு தடவை அடித்துத் திருத்தி வந்த வாக்கியம்.

இது பொய் இல்லையே? இல்லைதானே?

ஜூன் 11

கிரேடைத் திரும்பக் கேட்ட ஷானிஸின் மனு தள்ளுபடி.

ஜூன் 12

ஷானிஸ் வந்தாள். கையில் என் கடிதத்தின் நகல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“இருவருக்கும் தவறான புரிதல்னு போட்டிருக்கீங்க. எனக்கு என்ன தவறாப் புரிஞ்சுது, சொல்லுங்க. மாத்திக்கோன்னீங்க, மாத்தினேன். இதுல நான் எதைப் புரிஞ்சுக்கல?”

“ஷானிஸ், இந்த விதிகள் எல்லாம்—”

“அம்மாவுக்கு இன்னும் பேச்சு வரல. இடது கையால கோணல்மாணலா எழுதிக் காட்டுறாங்க, ‘விண்ணப்பம் போட்டாச்சா’ன்னு. உங்க புரிதலைப் போய்ச் சொல்லட்டுமா அவங்ககிட்ட?”

சே, என்ன மனுஷன்யா நான்! ஒரு வரி. ‘தப்பு என்னுடையது.’ அதை எழுதக் கை வரல.

செப்டம்பர் 3

ஷானிஸ் வேறு ஆலோசகரிடம் மாறிவிட்டாள். இந்த வருடம் விண்ணப்பிக்கவில்லையாம். எனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. மார்லா கேக் வெட்டச் சொன்னாள். வெட்டினேன்.

அக்டோபர் 8

முதலாண்டுப் பெண் ஒருத்தி. கணக்கில் கிரேடு வைத்துக்கொள்வதா, ‘தேர்ச்சி’க்கு மாறுவதா என்று கேட்டாள்.

“விதி எல்லாம் இதுல இருக்கு. படிச்சிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.”

“நீங்க என்ன சொல்றீங்க சார்?”

நான் தயாரித்த புதுப் படிவத்தை நகர்த்தினேன். ‘ஆலோசகர் எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை.’ கீழே மாணவர் கையெழுத்து.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கல்லூரி முழுக்க இனி இந்தப் படிவம்தானாம்.